பாசி வியாபாரம்

மேலகரம்
12.4.2025

அன்புள்ள நிலோபர் லாத்தாவுக்கு,

ஸலாம். வாப்பாவும் உம்மாவும் சுகம். நான் கோபமாக இருக்கிறேன். போனில் பேசினால் என்ன என்று நினைப்பாய். உன் போனை ஸ்பீக்கரில் போட்டு உன் மாமியார் வீடே கேட்கும். அதோடு எனக்குப் பேச வராது, எழுதத்தான் வரும்.

நேற்று முருகம்மாக்கா கூப்பிட்டாள். பிப்ரவரியில் நான் மண்டபத்துக்கு உன் வீட்டுக்கு வந்தபோது பழக்கமானாளே, கடலில் முங்கிப் பாசி எடுக்கிறவள், அவள்தான். "ஒங்க அக்கா படிச்ச புள்ளைல்ல, அதான் அதுகிட்ட கையெழுத்து வாங்கிட்டாக. வளக்குற பாசி மிதவையை விட்டு எங்கயும் போகாதுன்னு எழுதிக் குடுத்திருக்கு. நீ கேட்டுச் சொல்லும்மா" என்றாள்.

கேட்கிறேன். போட்டாயா?

உனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது தரகர் "பையனுக்குப் பாசி வியாபாரம்" என்றார். குற்றாலத்தில் சீசன் கடை போட்டுப் பாசிமணி விற்கிற வாப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நம்ம தொழில்தான். அங்கன ராமேஸ்வரத்துக்கு வருத கூட்டத்துக்கு நல்லா ஓடும்" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். நிக்காஹ் அன்றுதான் அது கழுத்தில் போடுகிற பாசி இல்லை, கடலில் வளர்க்கிற பாசி என்று தெரிந்தது. எல்லோரும் சிரித்தோம். நீ மட்டும் சிரிக்காமல் என் காதில், "அது வெளிநாட்டுப் பாசிட்டி. ஒடிஞ்ச துண்டு ஒவ்வொண்ணும் ஒரு செடி" என்றாய். தாவரவியல் படித்தவள் அல்லவா.

அந்தப் படிப்பை நீ முடிப்பதற்காகத்தான் என்னை ஒன்பதாவதோடு நிறுத்தினார்கள். கடையில் உட்கார ஒரு ஆள் வேண்டும் என்றார் வாப்பா. நான் பாசி கோர்த்தேன். நீ பாசியைப் பற்றிப் படித்தாய்.

பதில் எழுது.

மிஸ்ரியா


மண்டபம்
25.4.2025

என் தங்கச்சி மிஸ்ரிக்கு,

ஸலாம். உன் கடிதம் முதலில் உன் மச்சான் கைக்குத்தான் வந்தது. பிரிக்காமல் தந்தார்.

போட்டேன். இங்கே முப்பது வீட்டு அடுப்பு அந்த மிதவைகளால் எரிகிறது. பாசியை வாங்குகிற கம்பெனி தீவுப் பக்கமும் மிதவை போட அனுமதி கேட்டிருக்கிறது. பட்டம் வாங்கிய யாராவது எழுதிக் கொடுத்தால் நல்லது என்றார் மச்சான். போகவே போகாது என்று நான் எழுதவில்லை. ஒடிகிற துண்டைப் பிடிக்க மிதவைக்கு அடியில் வலை கட்டினால் போகாது என்றுதான் எழுதினேன். முருகம்மாக்கா மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் கடலில் இறங்குகிறாள். மற்ற நாட்களில் மிதவையில் பாசி கட்ட வந்தால் அவளுக்கும் கூலி உண்டு. அதையும் அவளிடம் சொல்.

நீ சின்னப் பிள்ளை. இதெல்லாம் உனக்கு எதற்கு? உம்மாவின் முட்டு வலி எப்படி இருக்கிறது என்று எழுது. பாப்பாவுக்குக் கறுப்புப் பாசி கோர்த்து அனுப்புகிறேன் என்றாயே, என்ன ஆயிற்று? அவளுக்குக் கை பெருத்துவிட்டது, அளவைக் கொஞ்சம் கூட்டிக் கட்டு.

உன் லாத்தா
நிலோபர்


மேலகரம்
3.5.2025

லாத்தாவுக்கு,

உம்மாவுக்கு முட்டு வலி அப்படியே இருக்கிறது.

வலை கட்டினால் என்று எழுதினாயாம். அந்த வலையை உதறியவள் நான்தான், மறந்துவிட்டாயா? மச்சான் நம்மைப் படகில் மிதவைக்குக் கூட்டிப்போன அன்று, வலையில் ஒடிந்த துண்டுகள் கூடை கூடையாக நிறைந்திருந்தன. எங்கே போட என்று கேட்டேன். "உதறி வுடு புள்ள, கடல் என்ன சின்னதா?" என்றார் உவைஸ் மச்சான். நம் கடைப் படிகளில் சீசன் தொடங்கும்போது பாசியைச் சுரண்டி ஓடுகிற தண்ணீரில் தள்ளுவோமே, அதுபோல இதுவும் போய்விடும் என்று நினைத்தேன். இரண்டு கையாலும் உதறினேன். நீ பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, "குத்தாலத்துக்காரி, பாசியைக் கண்டா தள்ளாம இருப்பாளா?" என்று சிரித்தாய். ஒவ்வொரு துண்டும் ஒரு செடி என்று என்னிடம் சொன்னவள் நீ. அன்றைக்கு ஏன் சொல்லவில்லை?

இரண்டு நாள் கழித்து முருகம்மாக்கா என்னைத் தீவுப் பக்கம் கூட்டிப்போனாள். அவள் காலில் துடுப்புபோலத் தகரத் தட்டு, பாறை கீறாமல் இருக்க விரல்களில் துணி. எனக்கு நீச்சல் தெரியாது. கண்ணாடியை மாட்டி, படகைப் பிடித்துக்கொண்டு முகத்தை மட்டும் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தேன். பவளப் பாறைமேல் பாய் விரித்ததுபோல ஒரே பாசி. அவள் ஒரு ஓரத்தை உரித்துக் காட்டினாள். அடியில் பாறை சுண்ணாம்பாக வெளுத்துக் கிடந்தது.

"இங்கனதான் நாங்க எடுக்குற மரிக்கொழுந்துப் பாசி மண்டிக் கெடக்கும். இப்ப ஒரு கை அள்ள முடியல. மீன் குஞ்சு ஒளியுற பொந்து பூரா அடைச்சுப்போச்சு. பிச்சுப் போடலாம்னு பாத்தா பிச்சதெல்லாம் மொளைக்குது. இதுல கூலிக்கு வேற கூப்புடுறாக" என்றாள்.

அன்று சாயங்காலம் உன்னிடம் சொன்னேன். "அது வேற பாசிட்டி" என்றாய். படித்தவள் சொல்கிறாளே என்று நம்பினேன். நான் உதறியது இரண்டு நாளில் பாயாகாது என்று தெரியும். எனக்கு முன்னால் எத்தனை பேர் உதறினார்களோ. என்னுடையதும் இந்நேரம் எங்கேயாவது பிடித்திருக்கும்.

இருபதாம் தேதி ராமநாதபுரத்தில் அனுமதிக்கான கூட்டமாம். நான் வருகிறேன். நடந்ததை எழுதிக்கொண்டு வருகிறேன். கடைசியில் கையெழுத்துக்கு இரண்டு கோடு போட்டிருக்கிறேன். முதல் கோடு எனக்கு. இரண்டாவது உனக்கு.

மிஸ்ரியா


மண்டபம்
10.5.2025

மிஸ்ரி,

வராதே. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். நான் இந்த வீட்டில் இருக்க வேண்டியவள்.

நிலோபர்


மேலகரம்
24.5.2025

நிலோபர் லாத்தாவுக்கு,

கூட்டத்தில் நீயும் இருந்தாய். இருந்தாலும் எழுதுகிறேன், நீ தரையைப் பார்த்துக்கொண்டே இருந்ததால்.

என் தாளை அதிகாரி சத்தமாகப் படித்தார். நான் வலையை உதறிய இடம் வந்ததும் பின்வரிசையில் சிரித்தார்கள். கம்பெனி ஆள் எழுந்து, "ஒன்பதாம் கிளாஸோட நின்ன பொண்ணு சார் இது. எங்ககிட்ட பட்டதாரி எழுதிக் கொடுத்த கடிதம் இருக்கு" என்றார். அதிகாரி தாளைத் திருப்பிப் பார்த்து, "இந்த ரெண்டாவது கோடு யாருக்கும்மா?" என்று கேட்டார்.

எனக்குப் பேச வராது என்று உனக்குத் தெரியும். வந்தது. "எங்க லாத்தாவுக்கு. அந்தப் பட்டதாரிக்குத்தான்" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். நீ எழுந்தாய். அல்லாஹ் அறிய, நீ எழுந்தாய். மச்சான் உன் பக்கம் திரும்பாமலே, "புள்ள அழுவுது பாரு" என்றார். பாப்பா உன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். நீ உட்கார்ந்துவிட்டாய்.

முருகம்மாக்கா விறுவிறுவென்று வந்து அந்தக் கோட்டில் பேனாவை வைக்கப் போனாள். "அதுல வேண்டாங்க்கா, கீழ போடுங்க" என்றேன். முறைத்துவிட்டுக் கீழே போட்டாள். அவளுக்குக் கீழே, முங்கப் போகிற பெண்கள் பதின்மூன்று பேர் போட்டார்கள். விசாரித்து முடிவு சொல்வதாக அதிகாரி தாளை வாங்கிக்கொண்டார். எனக்கும் அவர்களுக்கும் நடுவில் உன் கோடு வெறுமையாக இருக்கிறது. அந்த ஆபீஸ் எங்கே என்று உனக்குத் தெரியும்.

பெருநாளுக்கு நான் வரவில்லை. இனி கடிதமும் எழுத மாட்டேன்.

பாப்பாவின் கறுப்புப் பாசி இதில் இருக்கிறது. அளவு கூட்டி, இரட்டை நூலில் கோர்த்திருக்கிறேன். என்றைக்காவது அறுந்து சிதறினால் சிரித்துக்கொண்டு பார்த்திருக்காதே. குனிந்து, ஒன்றுவிடாமல் பொறுக்கு.

மிஸ்ரியா