ரேடியோவில் தங்கை சொன்னது

அன்புள்ள அப்பா,

ஒலிம்பிக் அணியில் ஒரே ஓர் இடம் மிச்சமிருக்கும்போது, அதற்குப் போட்டியிடுகிறவளுக்கே ஒருத்தி எப்படி வழி சொல்லிக்கொடுக்கிறாள்? உங்கள் இடுப்புவலி குறைந்ததா? நாங்கள் இருவரும் நலம்.

இன்று இங்கே, சுவிட்சர்லாந்தில், கடைசித் தேர்வுப் பனிச்சறுக்குப் பந்தயம். நம் வால்புர்கா முதலில் இறங்கினாள். பாதையின் நடுவே வரும் பாலத்துக்குக் கீழே வழுக்கி விழுந்தாள். அணி மருத்துவராக முழங்காலை நானே சோதித்தேன், கவலை வேண்டாம். எழுந்ததும், முதலில் இறங்குகிறவர் பாதை எப்படி என்று மேலே சொல்லும் வழக்கப்படி ரேடியோவை வாங்கி, அதே இடத்துக்குப் போட்டியிட்டு மேலே காத்திருந்த அணித்தோழி ரோமானாவிடம் பேசினாள்.

“அடியே, பாலத்துக்குக் கீழ வெறும் ஐஸ். அகலமா சுத்தி வா.”

“நிஜமாவா அக்கா? ஏமாத்தலையே?”

“போடி! ஏமாத்தணும்னா, ‘பனி அருமையா இருக்கு, நேரா வா’ன்னு சொல்லியிருப்பேன்.”

ரோமானா அகலமாகத் திரும்பினாள், ஜெயித்தாள். போன ஒலிம்பிக்கில் நம்மவள் வெண்கலம் வாங்கியபோதுகூட எனக்கு இவ்வளவு பெருமையாக இல்லை.

அவள் முழங்காலுக்குத் தடவ, நம் மலை அணிலான மர்மோட்டின் கொழுப்புத் தைலம் ஒரு டப்பா அனுப்புங்கள். மருத்துவராக எனக்கு அதில் நம்பிக்கையில்லை. அறையில் நம் வீட்டின் அந்த வாசனை இருந்தால் போதும். அணியின் பேருந்து விடுதிக்குக் கிளம்புகிறது.

உங்கள் கெர்லிண்டே

மறுநாள்: உறையை இன்னும் ஒட்டவில்லை. காலையில் ரோமானாவைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். வால்புர்கா அவளைக் கட்டிக்கொண்டு வாழ்த்தினாள். பிறகு என் அறைக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். முகம் கழுவி, தேர்வோடு சம்பந்தமில்லாத மதியப் பந்தயத்தில் இறங்கினாள். ஏழாவதாக வந்தாள்.