எட்டு வரி

மார்ச் 4, திங்கள்

நெமிலிச்சேரியில் ரயில் இருபது நிமிடம் தாமதம். அம்பத்தூர் ஆபீசுக்குள் நுழைந்ததும் முதலாளி பக்தவத்சலம் சார் கூப்பிட்டார். கோயம்புத்தூர் கம்பெனி ஒன்று நம் ப்ளகினை மொத்தமாக வாங்கப்போகிறதாம். ஆஸ்பத்திரி வெப்சைட்டில் சேர்த்தால், டாக்டரைப் பார்க்க நேரம் பதிவு செய்துகொடுக்கும் சின்ன மென்பொருள். மூன்று வருடமாக நான் எழுதுவது.

“ஃபைல் எல்லாத்தயும் சுத்தம் பண்ணும்மா. வெளியாள் பேரு ஒண்ணும் இருக்கக்கூடாது.”

மார்ச் 5, செவ்வாய்

வெளியாள் என்றால் இல்கா. எந்த ஊர் என்று தெரியாது. ப்ளகினில் தேதியும் நேரமும் காட்டும் பகுதி முழுக்க இல்கா எழுதிய லைப்ரரி, எடுத்துப் பொருத்திக்கொள்ளும் ஆயத்த நிரல். நெட்டில் இலவசமாகக் கிடைத்ததை நான்தான் எடுத்துச் சேர்த்தேன். ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் எட்டு வரி லைசென்ஸ். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் எழுதியவர் பெயரை அழிக்கக் கூடாது. இதைச் சேர்த்துச் செய்ததை விற்றால், அதன் மூல நிரலை, அதாவது சோர்ஸ் கோடை, இதே உரிமையோடு வாங்குபவருக்குத் தர வேண்டும்.

சாரிடம் சொன்னேன்.

“அப்போ வாங்கினவன் இன்னொருத்தனுக்கும் குடுக்கலாமா?”

“குடுக்கலாம் சார்.”

“அதான் சொல்றேன், அழி.”

“நான் அழிக்க மாட்டேன் சார்.”

என் வாயிலிருந்துதான் வந்ததா அது?

மார்ச் 6, புதன்

இன்றும் அழிக்கவில்லை.

மார்ச் 7, வியாழன்

வீட்டுக்காரர் செல்வத்திடம் சொல்லியிருக்கவே கூடாது. திருமழிசையில் ஷிப்ட் முடிந்து வந்து, சாப்பிட உட்கார்ந்த மனிதர். “எவனோ வெள்ளைக்காரன் பேருக்கோசரம் வேலைய வுடப் போறியா? அவனுக்கு உன்ன தெரியுமா?”

“வெள்ளைக்காரனோ வெள்ளைக்காரியோ, எனக்கே தெரியாது.”

“இன்னாமே, ஆளே தெரியாதா! சும்மா குடுத்ததுதான அது?”

“சும்மா குடுத்தாங்க. பேர அழிக்காதன்னு சொல்லிக் குடுத்தாங்க.”

ரசம் மட்டும் இரண்டு முறை கேட்டு வாங்கினார்.

மார்ச் 11, திங்கள்

எழுத்தில் கொடுத்துவிட்டேன். எந்தெந்த ஃபைல் நம்முடையது இல்லை, யாருடையது, என்ன நிபந்தனை, எல்லாம் ஒரு மெயிலில். சார் படித்துவிட்டுச் சிரித்தார். “நீ என்ன வக்கீலா?”

அழிக்கும் வேலை கலியமூர்த்திக்குப் போயிற்று. சேர்ந்து எட்டு மாதம், பக்கத்து நாற்காலி. நான் பார்க்கும்படியே அழித்தான். “மன்ச்சிக்கோக்கா, எனக்கு வேற வழி இல்ல.” கோபம் வந்தது. அவன் மேல் இல்லை. இல்லவே இல்லையா? கொஞ்சம் அவன் மேலும்தான்.

மார்ச் 15, வெள்ளி

வாங்கப்போகும் கோயம்புத்தூர் கம்பெனியிலிருந்து அகல்யா மேடம் வந்திருந்தார்கள். ‘முழுக்கச் சொந்த நிரல்’ என்று சார் கையெழுத்திட்ட தாள் மேஜைமேல். மேடம் அதைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள்.

“முழுசா நீங்களே எழுதினதாம்மா?”

சார் தொண்டையைக் கனைத்தார்.

“இல்ல மேடம். காலண்டர் பகுதி இல்கான்றவங்க எழுதினது. லைசென்ஸ் இருந்துச்சு, எடுத்துட்டாங்க.”

மேடம் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்துபோனார்கள்.

மார்ச் 18, திங்கள்

நாளையிலிருந்து வர வேண்டாமாம். “கம்பெனிய கவுத்துட்ட” என்றார். “நான் கவுக்கல சார், கேட்டாங்க, சொன்னேன்” — திருப்பிச் சொல்லாமல் வர முடியவில்லை. வாசலில் செக்யூரிட்டி என் பையைத் துழாவினார். டிபன் பாக்ஸைக்கூடத் திறந்து பார்த்தார். பாருங்க, நல்லா பாருங்க.

ஏப்ரல் 9, செவ்வாய்

மூன்றாவது இன்டர்வியூ. ஏன் வெளியே வந்தீர்கள் என்று கேட்கிறார்கள். உள்ளதைச் சொல்கிறேன். போன் வருவதில்லை. பொய் சொல்லலாமே என்கிறார் செல்வம். அதற்கு அங்கேயே இருந்திருக்கலாமே!

மே 20, திங்கள்

பூந்தமல்லியில் வேலை கிடைத்தது. சின்ன இடம். ஐந்து பேர்.

ஜூன் 17, திங்கள்

கலியமூர்த்தி போன் செய்தான். கோயம்புத்தூர்காரர்கள் ப்ளகினை வாங்கிவிட்டார்களாம் — லைசென்ஸைத் திரும்பப் போட்டு, மூல நிரலையும் கொடுத்த பிறகு. மேடம் கேட்டது அவ்வளவுதானாம். முதல் நாளே செய்திருக்கலாம்! சிரிப்பு வந்தது, பிறகு அழுகை.

“எழுதினவங்க லிஸ்ட்ல இல்கா பேரு கீது, என் பேரு கீது. உன் பேரு இல்லக்கா. சேத்துடட்டுமா? சார் பாக்க மாட்டாரு.”

மூன்று வருடம் எழுதினேன். ஆசையாகத்தான் இருந்தது.

“அவர் பாக்காதப்ப சேக்காத கலியா. பாக்கறப்ப கேளு.”

அவன் போனை வைத்துவிட்டான்.

ஜூன் 24, திங்கள்

என் பெயரைச் சேர்க்கலாமா என்று கலியமூர்த்தி கேட்டிருக்கிறான். மீட்டிங்கில், எல்லோர் முன்னாலும். சார் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டாராம். நாளைக்கும் கேட்பானாம்.