புல்லட்டை விக்கல, மூணாவது சக்கரம் மாட்டியாச்சு

பனையடிவாக்கம்
7.3.1999

அன்பு மகன் ரஞ்சித்குமாருக்கு அம்மா எழுதிக்கொண்டது. நானும் அப்பாவும் இங்க நல்லாத்தான் இருக்கோம், நீ அந்த மஸ்கட் வெயில்ல ஒடம்பு இளைக்காம இருக்கணும்னு செல்லியம்மன வேண்டிக்கினுதான் பேனாவ எடுத்தேன். உன் கடிதம் போன செவ்வாக்கெழம வந்துது, மூணு தடவ படிச்சேன். அம்மா நீ தலைவர் பதவிய ராஜினாமா பண்ணிடு, அப்பா புல்லட்ட வித்துடட்டும், மாமா சொல்றபடி கேட்டு ரெண்டு பேரும் வூட்டோட இருங்கன்னு எழுதியிருக்க. பதில முதல்லயே சொல்லிடறேன் நைனா, காரணத்த அப்பறம் சொல்றேன். ராஜினாமா கெடையாது. வண்டிய விக்கறதும் கெடையாது. வண்டிக்கு மூணாவதா ஒரு சக்கரம் மாட்டியாச்சு.

மாமா உனக்கு எழுதினது பாதிதான், மீதிய நான் எழுதறேன். அவரு என் கூடப் பொறந்த அண்ணன், பொம்பளைங்களுக்குன்னு நம்ம பஞ்சாயத்த ஒதுக்கினப்ப என்ன நிக்க வெச்சதும் அவருதான், நான் இல்லன்னு சொல்லல. நான் பேருக்குத் தலைவரா இருப்பேன், துணைத்தலைவரா இருந்து அவரு எல்லாத்தயும் பாத்துக்குவாருன்னு கணக்கு. மொத ஒரு வருஷம் அப்படித்தான் ஓடிச்சு, ஆனா அப்பா பின்னாடி புல்லட்டுல உக்காந்து யூனியன் ஆபீசுக்கும் குப்பத்துக்கும் போய் வர வர எனக்கும் கொஞ்சம் கொஞ்சமா எல்லாம் புரிய ஆரம்பிச்சுது. அப்பறம்தான் போன வருஷம் மாசியில சதுரங்கப்பட்டினத்துலேருந்து திரும்பும்போது குறுக்க நாய் வந்து நான் வண்டியிலேருந்து விழுந்தேன். இடுப்புல ப்ளேட் வெச்சு, நாலு மாசம் படுக்கை. பஞ்சாயத்து கிளார்க்கு தீர்மானப் புத்தகத்த வூட்டுக்கே கொண்டாந்து நீட்டுவாரு, நான் படுத்துக்கினே கையெழுத்துப் போடுவேன், கூட்டத்துல நான் உக்காந்திருந்தேன்னு அதுல எழுதியிருக்கும். எழுந்து நடக்க ஆரம்பிச்சும் அதே கததான். தப்புதான், ஒத்துக்கறேன். மார்கழியில ஒரு நாள் கண்ணாடி போட்டுக்கினு, கையெழுத்துக்கு நீட்டின பக்கத்தப் படிச்சேன். கெழக்குக் குப்பத்துல கட்டறதா நாம முன்னாடி தீர்மானம் போட்ட தண்ணித் தொட்டிய, மாமாவோட ரைஸ் மில்லுக்குப் பக்கத்துல மாத்திட்டதா எழுதி, என் பேருக்கு நேரா இடம் விட்டிருக்காங்க. குப்பத்துல அறுவது குடும்பம், பொம்பளைங்க ஒரு கல் தூரம் கொடத்தோட நடக்கறாங்க, உனக்கே தெரியும். நான் புத்தகத்த மூடிக் குடுத்துட்டேன். அன்னிக்கு சாயங்காலமே மாமா வந்து, கையெழுத்து இல்லன்னா நீ கூட்டத்துக்கு வரலன்னு ஆயிடும், தொடர்ந்து மூணு கூட்டம் வரலன்னா பதவி தானா போயிடும், அந்த அசிங்கத்துக்கு நீயே எழுதிக் குடுத்துடும்மான்னாரு. குரல் ஒசத்தல, சிரிச்சுக்கினேதான் சொன்னாரு. எனக்கு அதுதான் சுருக்குன்னுச்சு.

கூட்டம் நடக்கற ஆபீசு ரெண்டு மைலு தூரம், மணல் ரோடு, ஆட்டோக்காரன் எவனும் உள்ள வரமாட்டேங்கறான். ஊர்ல இருக்கற ஒரே வேனு மாமாவுது. மாட்டு வண்டியில ஏறிப் பாத்தேன், தெருமுனை தாண்டறதுக்குள்ள ப்ளேட் வெச்ச எடத்துல உசுரு போயிட்டுது, எறக்கி விடுங்கன்னு அழுதுட்டேன். புல்லட்டு பின்னாடி கால தூக்கிப் போட்டும் உக்கார முடியல, ஒரு பக்கமாவும் உக்கார முடியல. கையெழுத்துப் போடாத மார்கழி கூட்டமும் அடுத்த தை கூட்டமும் அப்படியே போச்சு. அது மட்டுமில்ல, அப்பா அந்த வண்டியத் தொட்டே பத்து மாசம் ஆச்சு. கோணிய மேல போட்டு கொட்டாயில நிறுத்திட்டு, சைக்கிள்ல நெலத்துக்குப் போயிகினு இருந்தாரு. நான் விழுந்த அன்னிக்கு அவரு என்ன மடியில போட்டுக்கினு ரோட்டுல உக்காந்திருந்தத நீ பாக்கல. நீ ஆடியில எழுதின கடிதத்துல அப்பாதான் உன்ன விழுத்திட்டாருன்னு ஒரு வரி எழுதியிருந்தியே, அத அவரு படிச்சுட்டு மடிச்சு வெச்சுட்டு வெளிய போயிட்டாரு. நாயி குறுக்க வந்தா யாரு ஓட்டினாலும் அதுதான் நடக்கும். அந்த மாதிரி இனிமே எழுதாத ரஞ்சித்து. உனக்கு நான் இருக்கற அளவுக்கு அவரும் இருக்காரு.

தை மாசம் வேர்க்கடல மூட்டைய மகாபலிபுரத்துல ஒரு ஓட்டலுக்குப் போடப் போன எடத்துல, பின்கட்டுல, மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்துல மாட்டி ஆள் உக்காரற சைடு கார் ஒண்ணு கெடந்ததப் பாத்திருக்காரு. எந்தக் காலத்துலயோ ஒரு வெள்ளக்காரரு விட்டுட்டுப் போனதாம், உள்ள கோழி அடை காத்துகினு இருந்துச்சாம். இத எடுத்துக்கவான்னு கேட்டதும் எடுத்துக்கினு போனா போதும்னுட்டாங்க. டெம்போல ஏத்தி நேரா செங்கல்பட்டுல மோசஸ் மெக்கானிக்கு பட்டறைக்குப் போயிட்டாரு, வூட்டுக்கு வந்துதான் எங்கிட்ட சொன்னாரு. மோசஸ் ஒம்பது நாள் எடுத்துக்கினாரு. துருப்புடிச்ச அடித்தகட்ட வெட்டிட்டு புதுசு வெச்சு, ஸ்கூட்டர் சக்கரம் ஒண்ணு போட்டு, புல்லட்டோட எடது பக்கம் சேத்து முறுக்கிட்டாரு. நான் கால ஒசரமா தூக்க வேணாம்னு பக்கவாட்டுல ஒரு சின்னக் கதவு அறுத்து கீலு போட்டாரு பாரு, அந்த மனுஷன் கைக்கு தங்கக் காப்புதான் போடணும். ஆர்.டி.ஓ. ஆபீசுல காட்டி வண்டி புக்குலயும் எழுதி வாங்கியாச்சு, நீ கேப்பேன்னு தெரியும்.

ஆனா ஓட்டறது லேசு இல்ல. இருவது வருஷமா ரெண்டு சக்கரம் ஓட்டின ஒடம்பு, திருப்பத்துல தானா சாயும் இல்ல, இந்த வண்டி சாயவே சாயாது. மொத நாள் பள்ளிக்கூடத்து மைதானத்துல, என் எடத்துல மணல் மூட்ட ரெண்டு வெச்சுக்கினு ஓட்டிப் பாத்தாரு. ஒடம்ப சாச்சாரு, வண்டி பாட்டுக்கு நேரா போய் சவுக்கு வேலிய ஒடச்சுது. வேகம் குடுத்தா எடது பக்கம் இழுக்குது, பிரேக்கு போட்டா வலது பக்கம் ஓடுது, சைடு கார்ல பாரம் இல்லாம எடது பக்கம் வெட்டித் திருப்பினா மூணாவது சக்கரம் தரைய விட்டே எழும்புது. அண்ணாத்த, நீ கத்துக்கினதெல்லாம் மறந்துட்டு புதுசா பழகுன்னாராம் மோசஸ். அம்பத்தாறு வயசுல பழகினாரு. வண்டி நின்னா கால ஊன வேண்டியதே இல்ல, ஆனா இன்னிக்கும் நிறுத்தினதும் அவரு கால் ரெண்டும் தரையத் தேடும், பசங்க சிரிக்கும். டீக்கடையில மாமா வூட்டு ஆளுங்க, துரைக்குப் பைத்தியம் புடிச்சிட்டுது, பொண்டாட்டிய தொட்டில்ல வெச்சு ஓட்டப் போறாருன்னு பேசினாங்களாம். அப்பா வந்து எங்கிட்ட சொன்னப்ப அவரு மொகம் சுண்டிப் போச்சு. ஆமா தொட்டில்தான், நான் ஏறிக்கறேன், உங்களுக்கு ஓட்ட தகிரியம் இருக்கான்னு கேட்டேன். எழுந்து போய் வண்டியத் தொடச்சாரு.

மாசி பதினாலு, வெள்ளிக்கெழம, அதுதான் மூணாவது கூட்டம். நீலப் பட்டு கட்டிக்கினு கதவத் தெறந்து ஏறி உக்காந்தேன். ஏரிக்கரையில நல்லாத்தான் போச்சு, கால்வா மதகுகிட்ட எடது பக்கம் திரும்பறப்ப சக்கரம் லேசா எழும்பிட்டுது. பயப்படாதீங்க, மெதுவா போங்க, நான் இந்தப் பக்கம் சாஞ்சுக்கறேன்னு சொல்லி வெளிப்பக்கமா சாஞ்சேன், சக்கரம் எறங்கிட்டுது. அப்பறம் எங்கயும் நிக்கல. ஆபீசுல எட்டிப் பாத்தா என் நாற்காலியில அண்ணன் உக்காந்திருக்காரு. நான் கைத்தடிய ஊனிக்கினு பக்கத்துல போய் நின்னு, அண்ணே அது என் எடம்னேன். இன்னாம்மா, நாற்காலி ஒசரமா கீதே, உனக்கு உக்கார முடியுமா, பெஞ்சில உக்காருன்னாரு. முடியும்ண்ணே, நீ எழுந்தா முடியும்னேன். எனக்கு இடுப்புல தீ வெச்ச மாதிரி வலி, ஆனா நான் சாயல. அவரு எழுந்துட்டாரு. தொட்டிய எங்க கட்டறதுன்னு நானே எழுந்து படிச்சு, கை தூக்கச் சொன்னேன். குப்பத்து மெம்பரு ஞானம்பாள் மொதல்ல தூக்கினா, கொஞ்சம் பொறுத்து இன்னும் மூணு பேரு. என் கையும் சேத்து அஞ்சு, அண்ணன் பக்கம் மூணு. தொட்டி குப்பத்துலதான். திங்கக்கெழம அப்பாவும் நானும் அதே வண்டியில யூனியன் ஆபீசுக்குப் போய் தீர்மானத்தக் குடுத்து ரசீது வாங்கிட்டோம்.

அன்னிலேருந்து அண்ணன் நம்ம வாசப்படி மிதிக்கல. மாசி மகத்துக்கு எல்லாரும் கடலுக்குப் போனப்ப என்னப் பாத்தும் பாக்காத மாதிரி போனாரு, எனக்கு அழுகை வந்துது, உங்கிட்ட எதுக்கு மறைக்கணும். உன் விசா அவரு சிநேகிதர் மூலமா வந்தது, அதனாலதான் நீ பயந்து எழுதியிருக்கன்னு எனக்குத் தெரியாமயா. உன் கைத்தொழில் உன்னக் காப்பாத்தும். அதுக்கும் மேல அவங்க உன்ன அனுப்பிட்டா வந்துடு, ரெண்டு ஏக்கரா நெலம் இருக்கு, வெட்கப்பட ஒண்ணுமில்ல. என் பதவிய வெச்சு உன் வேலையக் காப்பாத்தறது மட்டும் என்னால ஆகாது. கோவம் வந்தா வரட்டும், அத எனக்கே எழுது, மாமாவுக்கு எழுதாத.

ராத்திரியில ஏசிய நெஞ்சுக்கு நேரா வெச்சுக்கினு தூங்காத. வாரத்துல ஒரு நாளாவது எண்ணெய் தேச்சுக் குளி. நூறு வருஷம் நோய் நொடியில்லாம, நல்ல பேரோட இருக்கணும்னு ரெண்டு பேரும் உன்ன ஆசீர்வாதம் பண்றோம். ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சுக்க. வைகாசியில லீவுல வரும்போது கூவத்தூர் ஸ்டாப்புல எறங்கி நில்லு, அப்பாவும் நானும் வந்து கூட்டிக்கினு போறோம். நீ அப்பா பின்னாடி அவர கெட்டியா புடிச்சுக்கினு உக்காந்துக்க. பக்கத்து சீட்டு என்னுது.

இப்படிக்கு
உன் அம்மா
து. ஆராயி