இத்தாலி ஹோட்டலில் அப்பா மடித்த பச்சைத் தாள்

7 செப்டம்பர் 1957, சனி. காலையில் மழை, பிறகு கொளுத்தும் வெயில்.

சகல ஜனங்களுக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால், மலாக்கா, காஜா பெராங்வாசி, ரோட்டு வேலை மண்டோர் முனியாண்டி அவர்கள், தமது மனைவி, மகள், மற்றும் அதிபுத்திசாலி மகன் சகிதம் நாளை பகல் பன்னிரண்டரை மணிக்கு இத்தாலி தேசத்துச் சாப்பாடு சாப்பிட இருக்கிறார்கள். நாட்டுக்குச் சுதந்திரம் வந்து ஒரு வாரம்தான். அதற்குள் இன்னொரு பெரிய செய்தி. ஜனங்கள் தாங்க வேண்டும்.

காரணம்: அக்காவைப் பெண் பார்க்கிறார்கள். மாப்பிள்ளை செரம்பானில் வாத்தியார். அக்காவும் புக்கிட் பாரு தமிழ்ப் பள்ளியில் தற்காலிக வாத்தியார். வாத்தியார்கள் பயிற்சி வகுப்பில் பழக்கம். (இதை அக்கா என்னிடம் சொல்லவில்லை. அவள் அகராதிக்குள் இருந்த கடிதம் சொன்னது.) செரம்பான் சார் நவீன மனிதர். வீட்டுக்கு வந்து கேசரி தின்றுவிட்டுப் பெண்ணை ஏற இறங்கப் பார்ப்பது அவருக்குப் பிடிக்காதாம். வெளியே, ஒரே மேசையில், எல்லாரும் சமமாக உட்கார வேண்டுமாம். அவருக்கு அப்பா இல்லை. அம்மா மட்டும். அந்தம்மா இந்த வாரம் முழுக்க இங்கே மலாக்காவில், தெங்கேராவில் தங்கை வீட்டில் இருப்பார். ஆவணிக்குள் பேசி முடிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈப்போப் பெண் ஒருத்தியின் ஜாதகம் அவர் கைப்பையில் தயார்.

அக்கா நீலப் புடவையை மூன்றாம் முறை இஸ்திரி போடுகிறாள்.

"அக்கா, இத்தாலியப் பிரிச்சுப் பாரு. இத் தாலி. எத்தாலி? நாளைக்குப் பேசப்போற தாலி."

தலையில் ஒரு குட்டு.

"அங்க ஸ்பகெட்டி போடுவாங்களாம். ஸ்ப-கெட்டிமேளம்!"

இரண்டாவது குட்டு. ஆனால் சிரித்துக்கொண்டே.

சாயங்காலம் சைக்கிளில் போய் அந்தக் கடையை எட்டிப் பார்த்தேன். முதலாளி ஆ செங். இத்தாலிக் கப்பலில் தலைமைச் சமையல்காரனாக இருந்தவனாம். கப்பல் சிங்கப்பூரில் நின்ற இரண்டு நாள் தட்டு கழுவியிருப்பான் என்பது என் கணிப்பு. மேசையில் ஆளுக்கொரு பச்சைத் தாள் விரித்து, அதன்மேல் வெள்ளைத் தட்டு. சாறு சிவப்பு. மொத்தத்தில் இத்தாலிக் கொடி.

வீடு திரும்பியதும் அப்பா மெதுவாகக் கூப்பிட்டார். முப்பது ஆளை ரோட்டில் அதட்டி வேலை வாங்கும் குரல், பாதியாகக் குறைந்து:

"டேய் சேகரு. நீ இங்கிலீஷ் ஸ்கூலு. முள்ளுக்கரண்டிய எந்தக் கையில புடிக்கணும்?"

என் அனுபவம்: பாடப்புத்தகத்தில் ஒரு படம். இருந்தாலும் பாடம் நடத்தினேன்.

1. முள் இடக்கை, கத்தி வலக்கை.
2. உறிஞ்சும் சத்தம் கூடாது.
3. ஏப்பம் அறவே கூடாது.
4. பிறகு எழுதலாம்.

அப்பா கண்ணை மூடி நாலையும் ஒப்பித்தார். நல்ல மாணவர்.

8 செப்., ஞாயிறு. வெயில். வெயில். வெயில்.

கோபம்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. செரம்பான் சார் எழுந்து நின்று அப்பாவுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். ஆ செங் "மக்கான், மக்கான்" என்று சாப்பிடச் சொல்லிக்கொண்டே சுற்றிச் சுற்றி வந்தான். இடியப்பத்தைச் சிக்கெடுக்காமல் விட்டது போல ஸ்பகெட்டி. மேலே தூவ ஒரு கிண்ணத்தில் சீஸ். அதை மோந்து பார்த்து அம்மா சொன்னது அந்தச் சொல்லின் முதல் எழுத்து மட்டும்: "சீ!" செரம்பான் சாரின் அம்மாவே சிரித்துவிட்டார். "எனக்கும் அதேதான் தோணுச்சுங்க. நீங்க சொல்லிட்டீங்க."

அந்தம்மா அக்காவிடம் பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளை, எப்படிச் சமாளிக்கிறாய் என்றெல்லாம் கேட்டார். அக்கா பதில் சொன்னாள், குனியாமல். அம்மா மேசைக்கு அடியில் என் தொடையைக் கிள்ளினார், சந்தோஷத்தில். அப்பா முள்ளை இடக்கையில் பிடித்து, ஒவ்வொரு இழையாக, கம்பி கட்டுகிற மாதிரி சுற்றிச் சுற்றிச் சாப்பிட்டார். சட்டையில் ஒரு சொட்டு சிந்தவில்லை.

ஆ செங் தட்டுகளை எடுத்துப் போனான். பச்சைத் தாள்கள் மட்டும் மேசையில். அப்பா தன் தாளை இரண்டு கையாலும் தடவி நேராக்கினார். பிறகு மரியாதையாக, மெதுவாக, தன் பக்கமிருந்த ஓரத்தைத் தூக்கி, அந்தம்மா பக்கமாக மடித்தார்.

அந்தம்மாவின் முகம்!

"என்னாங்க இது? சாவு வீட்டுல எலைய மடிக்கிற மாதிரி மடிக்கிறீங்க?"

"அம்மா, அது வெறும் தாளும்மா," என்றார் சார்.

"பச்சையா இருக்குல்ல? எலை மாதிரி இருக்குல்ல? ஆறு வருசத்துக்கு முன்ன உங்கப்பா போனப்ப நான் அப்படித்தாண்டா மடிச்சேன். இன்னிக்கு, பேச வந்த நாள்ல, என் மூஞ்சிக்கு நேரா…"

அப்பா எழுந்துவிட்டார். "மன்னிச்சுக்குங்கம்மா." மண்டோர் முனியாண்டி மன்னிப்புக் கேட்டு என் பதினைந்து வயதில் பார்த்ததில்லை. அந்தம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். சார் பின்னால் ஓடினார். ஆ செங் ஒன்றும் புரியாமல் அப்பாவிடம், "மண்டோர், செடாப்?" ருசியா இருந்ததா என்று!

ஒரு தாள். ஒரு மடிப்பு. அதற்கு ஒரு கல்யாணமா?

9 செப்., திங்கள். மேகமூட்டம். மழை வரவில்லை, அதன்மேலும் கோபம்.

நான் கோபமாக இருப்பவர்கள்:

ஆ செங். உலகத்தில் எத்தனை நிறம் இருக்கிறது. பச்சைதான் கிடைத்ததா?

அந்தம்மா. காகிதத்தையும் வாழை இலையையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர்.

செரம்பான் சார். நவீன மனிதர், நவீன முதுகெலும்பு: ஸ்பகெட்டி.

இத்தாலி தேசம் முழுவதும்.

தமிழ் வாத்தியார். இன்றைக்குப் பார்த்து வினைச்சொல் நடத்தினார். மடித்தான், மடிந்தான். ஒன்று மடக்குவது, ஒன்று சாவது. இரண்டுக்கும் ஒரே 'மடி'யா என்று கேட்டு உயிரை வாங்கினார். பதில் சொல்லாததற்கு என்னைப் பெஞ்சில் ஏற்றினார். ஏறி நின்றேன். மேலே இருந்து பார்த்தால் எல்லார்மேலும் கோபமாக இருந்தது.

10 செப்., செவ்வாய். சாயங்காலம் நல்ல மழை.

தெங்கேராவிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். "மனசுக்குச் சரிப்படலையாம். சனிக்கிழமைக்கப்புறம் ஈப்போ போறாங்களாம்." அவ்வளவுதான். டீ கூடக் குடிக்கவில்லை.

அம்மா அடுப்பங்கரையிலிருந்து அப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தனை கல்யாணத்துல எலை மடிச்சிருக்கீங்க! நம்ம பக்கமா மடிக்கணும்னு பச்சப்புள்ளைக்குத் தெரியும். உங்களுக்கு யாரு அப்படி மடிக்கச் சொன்னா?"

அப்பா ரோட்டு வேலைக்குக் காலில் போடும் சப்பாத்தில் அப்பியிருந்த தாரைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"யாரும் சொல்லல. கை தவறிடுச்சு."

"கை தவறுமா? வாரி மடிச்சீங்களே, அழகா!"

"தவறிடுச்சுன்னா தவறிடுச்சுலா. விடு."

என் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு தடவை கூட. திட்டினாலாவது பரவாயில்லை.

இன்றைய சாப்பாடு: சோறு, நெத்திலி சம்பல். ருசி தெரியவில்லை.

12 செப்., வியாழன். வெயிலும் மழையும் சேர்ந்து.

சாருடைய கடிதம் வந்தது. அக்கா படித்துவிட்டு என்னிடமே நீட்டினாள். "இந்தா. எப்படியும் திருடிப் படிக்கத்தானே போற?"

நாலு வரி. அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு வர முடியாது, அவரிடம் பேசிப் பார்க்கிறேன், கொஞ்சம் பொறு. கடைசியில் 'உங்கள் அப்பாவிடம் என் வணக்கத்தைச் சொல்'. சரி, முதுகெலும்பு ஸ்பகெட்டி என்று எழுதியதை அரைவாசி வாபஸ்.

அவளைச் சிரிக்க வைக்கப் பார்த்தேன். "அக்கா, இத்தாலி போனா என்ன, அத்தாலி வரும்."

குட்டவில்லை. கையே ஓங்கவில்லை. நோட்டுகளைத் திருத்திக்கொண்டே இருந்தாள். ஒரே நோட்டின் ஒரே பக்கத்தை.

முடிவு செய்துவிட்டேன். சனிக்கிழமை தெங்கேரா போகிறேன். அந்தம்மாவை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கப் போகிறேன். எழுதி மனப்பாடம் செய்தாயிற்று:

"அம்மா அவர்களே! எங்கள் அப்பா போட்ட ரோட்டில் நடந்துதான் நீங்கள் அந்தக் கடைக்கு வந்தீர்கள். அவர் மடித்தது காகிதம். நீங்கள் கிழித்தது ஒரு பெண்ணின் வாழ்க்கை!"

கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தேன். எனக்கே பயமாக இருந்தது. பாவம் அந்தம்மா.

14 செப்., சனி. வெயில். தெங்கேரா வரை சைக்கிள், பின் சக்கரத்தில் காற்று கம்மி.

போனேன். கேட்டேன். நாலு கேள்வி. அந்தம்மா வாயடைத்துப் போய்

இல்லை. அடித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன். இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை. இதிலுமா பொய்?

போனேன். வாசலில் சைக்கிள் மணியைக் கூட அடிக்காமல் நின்றேன். அந்தம்மாவே பார்த்துவிட்டார். "யாருப்பா அது? மண்டோர் மகனா? வெயில்ல ஏன் நிக்கிற, உள்ள வா."

"அம்மா அவர்களே!" என்று ஆரம்பித்தேன். அதற்குமேல் வரவில்லை. வந்தது நாலாவது பாடம்.

ஏழாம் தேதிப் பக்கத்தில் எழுதாமல் விட்டது இதுதான். 4. சாப்பிட்டு முடிந்ததும் அந்தப் பச்சைத் தாளை எதிர்ப் பக்கமாக மடிக்க வேண்டும். நம் முறைக்கு நேர் தலைகீழ். அதுதான் இத்தாலிக்காரனுக்கு மரியாதை. "நெசமாவாடா?" என்று அப்பா இரண்டு தடவை கேட்டார். "நெசமாத்தாம்ப்பா, புத்தகத்துல போட்டிருக்கு" என்றேன். அப்பா மடிப்பார், ஆ செங் முழிப்பான், நான் பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் சொல்லிச் சிரிக்கலாம். அவ்வளவுதான் என் திட்டம். எதிர்ப் பக்கத்தில் யார் உட்காருவார் என்று நான் யோசிக்கவே இல்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். அழவில்லை. (அழுதேன்.)

அந்தம்மா என் கையில் ஒரு டம்ளர் தண்ணீரைத் திணித்தார். பிறகு, "உங்கப்பா உன் பேரச் சொல்லவே இல்லையேடா," என்றார்.

"வீட்டுலயும் சொல்லல. கை தவறிடுச்சுன்னாரு."

"ம்ம். அந்த மனுசனப் போயி…" முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வையா வேறெதுவுமா தெரியவில்லை. "நாளைக்கு நானும் எம் பையனும் உங்க வீட்டுக்கு வர்றோம்னு உங்கம்மாகிட்ட சொல்லு. அந்த நூலு சோறெல்லாம் வேணாம். எலை போடச் சொல்லு. உங்கப்பா என் எதிர்ல உக்காந்து சாப்பிடணும். எந்தப் பக்கம் மடிக்கிறார்னு நான் பாக்கணும்."

"ஈப்போ?"

"ஈப்போ எங்கயும் ஓடிறாது. நீ மொதல்ல சாப்பிடு. மூஞ்சியப் பாரு."

சோறு, சாம்பார், ரசம். வாழை இலையில். அந்தம்மா எதிரிலேயே முக்காலி போட்டு உட்கார்ந்து, நான் சாப்பிட்டு முடிக்கும் வரை கண்ணை எடுக்கவில்லை.

மேசை நாகரிகப் பேராசிரியர் சேகர் அவர்களுக்கு, அந்தப் பார்வையில், உள்பக்கம் எது, வெளிப்பக்கம் எது என்பது சுத்தமாக மறந்துபோனது. இந்தப் பக்கம் தூக்கினேன். அவர் புருவம் ஏறியது. அந்தப் பக்கம் தூக்கினேன். இன்னும் ஏறியது. கடைசியில் மடிக்கவே இல்லை. இலையை அப்படியே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, சட்டையெல்லாம் ரசம் வடிய, கொல்லைப்புறத்துக்கு ஓடினேன்.