'சூன்' என்றால் எத்தனை நாள்

அன்புள்ள மனைவிக்கு,

நேற்று வீடியோ காலில் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பாடம் சொல்லிக்கொடுத்தேன். 'சூன்' என்றால் சீக்கிரம், கொஞ்ச நாளில் என்றேன். சின்னவள் விடவில்லை.

"கொஞ்சம்னா எத்தனை நாள்ப்பா?"

"அதுக்கெல்லாம் கணக்கு கிடையாதுடி. அடுத்த வார்த்தைக்குப் போ" என்று எரிந்து விழுந்தேன்.

பெரியவன் சிரித்தான். "அப்பா சீக்கிரம் வரேன்னு சொன்னப்போ உனக்குப் பல்லு விழுந்துச்சுல்ல? இப்ப முளைச்சே போச்சு. அவ்வளவு நாள்!" அவள் வாயைத் திறந்து அந்தப் பல்லைக் காட்டினாள்.

லீவு தரவில்லை என்று உன்னிடம் சொன்னது பொய். நான் கேட்கவே இல்லை. பழுது பார்க்க நான் இல்லாவிட்டால் இந்த ஊரில் ஒரு லிஃப்டும் ஓடாது என்ற திமிர். இன்று கேட்டேன், உடனே கொடுத்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை ரயில் ஏறுகிறேன். பிள்ளைகளிடம் சொல்லாதே. வாசலில் வந்து நின்ற பிறகு தெரிந்தால் போதும்.

உன் வீட்டுக்காரன்