கண்ணாயியும் மிளகு ஏணியும்

7-5-84
டேய் உருண்டை,
மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன். பிழையைப் பார்த்துச் சிரிக்காதே. உன் தங்கச்சி கண்ணாயி இன்றைக்குக் கோடை லீவு முகாமில் சேர்ந்துவிட்டாள். ஏற்காட்டில், பள்ளிக்கூட மைதானத்தில் நடக்கிறது. காலையில் பஸ் ஏறிப் போனால் சாயங்காலம் வந்துவிடலாம். நானும் அங்கேயே சமையலுக்குச் சேர்ந்துகொண்டேன்.
"சமைக்கப் போறியா, காவலுக்குப் போறியா?" என்று உங்கப்பா கிண்டல் செய்கிறார்.
காவலுக்குத்தான். வேறெதற்கு? பலாமரத்திலிருந்து விழுந்து நீ எங்களை விட்டுப் போய்ப் பதினோரு மாசம். இவளையாவது பார்த்துக்கொள்ள வேண்டாமா?

8-5-84
சேலத்துப் பிள்ளைகள் ராகிக் களியை உற்றுப் பார்த்தார்கள். ஒருத்தி, "இது சாக்லேட்டுங்களா ஆயா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். மூன்று பேர் மறுபடியும் வாங்கித் தின்றார்கள். ஆனால் ஆயாவாம்! எனக்கு என்ன வயசாகிவிட்டது?

9-5-84
கண்ணாயி களிமண்ணில் யானை செய்தாள். தும்பிக்கை நிற்கவில்லை. பன்றி என்று சொல்லிச் சமாளித்துவிட்டாள்.

10-5-84
சனிக்கிழமை மரம் ஏறுவார்களாம். முகாம் நடத்தும் ஜேசுதாஸ் சார், வீட்டில் கையெழுத்து வாங்கி வரச் சொல்லிக் காகிதம் கொடுத்திருக்கிறார். கண்ணாயி நீட்டினாள். போடமாட்டேன் என்றேன்.
"அண்ணன் உழுந்தா நானும் உழுந்துருவனா?"
அறைந்துவிட்டேன். ஐயோ, எட்டு வயசுப் பிள்ளை — எனக்கு எப்படிக் கை வந்துது? பேயா புடிச்சுது எனக்கு?

11-5-84
கண்ணாயி மறுபடி காகிதத்தை நீட்டினாள். அவள் பையிலேயே திணித்துவிட்டேன், கையெழுத்துப் போடவில்லை.

12-5-84
ஜேசுதாஸ் சார் ஒரு எஸ்டேட்டிலிருந்து மிளகு ஏணி வாங்கி வந்திருந்தார். தெரியுமே உனக்கு, கால் வைத்து ஏறக் கணுவில் விரலளவு குச்சி விட்டு நறுக்கிய ஒற்றை மூங்கில். அதை சில்வர் ஓக் மரத்தில் சாய்த்து அடியில் மட்டும் கட்டினார். உச்சியில் கட்டவேயில்லை! பாதி ஏறியதும் மூங்கில் உருண்டுவிடாதா? கரண்டியோடு ஓடினேன்.
"ஏனுங்க சார், யாருங்க இப்படிக் கட்டச் சொன்னது? மொளகு பறிக்கறவங்க பாத்தா சிரிப்பாங்க."
"நான் சேலத்துக்காரன்ங்க அக்கா. நீங்களே கட்டுங்க."
மிளகு பறிப்பில் எத்தனை வருசம் ஏணி பிடித்தவள் நான்! அவரையும் இன்னும் இரண்டு பேரையும் அடியில் பிடிக்கச் சொல்லிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். பிள்ளைகள் விசில் அடித்தார்கள். மேலே மரத்தோடு சேர்த்து மூன்று சுற்றுக் கட்டி, ஒரு கிளை மேலே இன்னொரு கயிற்றையும் போட்டு இறங்கினேன். ஏறுகிற பிள்ளையின் இடுப்பில் அதைக் கட்டி, மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன்.
ஊரார் பிள்ளைகள் பதினாலு பேர் ஏறி இறங்கினார்கள். கண்ணாயி மட்டும் அடுப்படியில் தலையைக் குனிந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். யாரும் உரிக்கச் சொல்லவில்லை. மனசு கேட்கவில்லை.
"அந்தக் காயிதத்தக் கொண்டாடி."
"நெசமாவாம்மா?"
"நான் மனசு மாறறதுக்குள்ள ஓடியா!"
கோணல் கையெழுத்துப் போட்டேன். அவள் இடுப்பில் முடிச்சை நானே போட்டேன். அவிழ்த்துப் பார்த்து மறுபடி போட்டேன். ஏறினாள், பாதியில் நின்றுவிட்டாள். மூங்கிலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள்.
"கீழ பாக்காத சாமி. அம்மா புடிச்சிருக்கேன்."
"நொம்ப இறுக்காதம்மா, வயிறு வலிக்குது!"
எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்சம் தளர்த்தினேன். குடுகுடுவென்று ஏறினாள். உச்சியிலிருந்து ஒரே கூச்சல்: "அம்மா, ஏரி தெரியுது! படகெல்லாம் எறும்பாட்டம் இருக்குது!"
உள்ளங்கையில் கயிறு உரசித் தோல் போயிருக்கிறது. எழுதினால் எரிகிறது. பஸ்ஸில் வாய் மூடாமல் பேசிக்கொண்டு வந்தாள். இதையெல்லாம் கேட்க எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. உன்னிடம்தான் கேட்காமலே போய்விட்டேன்.
ஏன்டா உருண்டை, அன்னிக்கு அத்தனை உசரம் ஏறினியே, அங்கிருந்து உனக்கு என்னடா தெரிஞ்சுது?