புள்ளித்திட்டம் இல்லாத வினா

ஆகஸ்ட் 2, 2025 — சனி

வழக்கம்போல் காலையில் சனசமூக நிலையத்தின் பின்னறையில் கூடினோம். மூன்று பேர், ஒரு கரும்பலகை, ஒரு மின்விசிறி. விசிறி சோளகக் காற்றோடு போட்டியாகச் சத்தம் மட்டும் போடுகிறது.

விடை கண்டுபிடிக்கப்படாத கணக்குகளை மட்டுமே இங்கு எடுப்பது என்பது எங்கள் விதி. விடையுள்ளவற்றைப் பள்ளிக்கூடத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் படிப்பித்துவிட்டேன். பரீட்சைத் தாள்களும் திருத்திவிட்டேன். போதும்.

இம்முறை வினாவை எழுதியவள் சரீபா. அடுத்தடுத்த இரண்டு சதுர எண்களுக்கு இடையில் எப்போதும் ஒரு முதன்மை எண்ணாவது (ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண்) இருக்குமா? நான்குக்கும் ஒன்பதுக்கும் இடையில் ஐந்தும் ஏழும். ஒன்பதுக்கும் பதினாறுக்கும் இடையில் பதினொன்றும் பதின்மூன்றும். எவ்வளவு தூரம் போய்ப் பார்த்தாலும் இருக்கத்தான் செய்கிறது. என்றைக்கும் இருக்கும் என்று நிறுவத்தான் இருநூறு ஆண்டுகளாக ஒருவராலும் முடியவில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும் ஒரு வினா, உலகத்துப் பேராசிரியர்கள் அத்தனை பேரையும் படலைக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கிறது. அந்தத் திமிர் எனக்குப் பிடிக்கும்.

"ஒரு லட்சம் வரைக்கும் பாத்திட்டன் ரீச்சர், எல்லாத்திலயும் இருக்கு. இனி என்ன?" என்றார் செல்வநாயகம். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இருந்தவர். அளந்து பார்த்தால் முடிந்தது என்று நினைப்பவர்.

"இனி மிச்சம் இருக்கு," என்றேன்.

புறப்படும் நேரத்தில் நிலையத்தின் தலைவர் பரமலிங்கம் வந்தார். தொண்டையைச் செருமிய விதத்திலேயே நல்ல கதையில்லை என்று தெரிந்தது.

"ரீச்சர், ஒரு கதை. உந்த அறையைச் சனி ஞாயிறில சஜீவன்ர ரியூட்டரி வகுப்புக்குக் குடுக்கச் சொல்லிச் சனம் கேக்குது. அடுத்த மாதம் பொதுக்கூட்டம். நீங்கள் உள்ளுக்க என்ன செய்யிறியள் எண்டு கேட்டா நான் என்ன சொல்ல?"

"கணக்குச் செய்யிறம் எண்டு சொல்லும்."

"விடை வந்திட்டுதோ?"

"இல்லை."

"எப்ப வரும்?"

"இருநூறு வருஷமா வரேல்லை."

அவர் என்னை நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனார்.

வேறிடம் தேடலாமே என்று யாரும் கேட்கலாம். என் வீட்டில் கூடினால் தேநீர் ஊற்றுவது நானாகிவிடும். சரீபாவின் வீட்டில் பேரப்பிள்ளைகளின் இரைச்சல். செல்வநாயகத்தின் மனைவி எங்களை ஏற்கெனவே ஐயத்துடன் பார்க்கிறார். இந்த அறை போனால் கூட்டமும் போய்விடும். அவ்வளவுதான் விடயம்.

ஆகஸ்ட் 5 — செவ்வாய்

பயற்றங்காய் முறித்துக்கொண்டே யோசித்ததில் சோறு அடிப்பிடித்தது. யோசனையும் சரிவரவில்லை. சோற்றின் மேற்பகுதியைச் சாப்பிட்டேன். யோசனையில் அப்படி மேற்பகுதி எதுவும் மிஞ்சவில்லை.

ஆகஸ்ட் 9 — சனி

நல்ல நாள். சரீபா ஒரு வழியோடு வந்தாள்.

இரண்டு சதுரங்களுக்கு இடையில் இருக்கும் எண்களில் இரண்டின் மடங்குகளை அடி, மூன்றின் மடங்குகளை அடி, ஐந்தின், ஏழின் — இப்படியே போனால் அடிபடாமல் தப்புவது முதன்மை எண். எத்தனை தப்பவேண்டும் என்று சராசரி கணக்கிடலாம். அது பூச்சியமாக வருவதே இல்லை. "பாத்தியா நாகேஸ்!" என்று என்னைப் பார்த்துச் சோக்கட்டியோடு கையை உயர்த்தினாள். ஒரு முழு நிமிடம் நாங்கள் மூவரும் உலகத்திலேயே பெரிய ஆட்களாக இருந்தோம்.

பிறகு செல்வநாயகம் மெதுவாகச் சொன்னார்: "சராசரி மழையை நம்பி நான் ஒரு குளத்துக்கும் கதவு திறக்கேல்லை."

அதோடு முடிந்தது. சராசரி யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. எங்கோ ஓர் இடைவெளியில் எல்லாமே அடிபட்டுப்போகலாம். சரீபா பலகையை ஒரு கணம் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அழகான வழி, அழகாகச் செத்தது.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இவளும் நானும் ஒரே வகுப்பு. தொண்ணூறில் இவர்களை, வடக்கு முஸ்லிம்கள் எல்லோரையும், ஊரைவிட்டு அனுப்பினார்கள். புத்தளத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்துவிட்டு வந்து மறுபடியும் புடைவைக் கடையைத் திறந்தாள். வந்தவள் என்னைக் கண்டு முதலில் கேட்டது: "அந்த இரட்டை முதன்மை எண் கதை முடிஞ்சுதோ?" நாங்கள் படிக்கும் காலத்துத் தீராத கணக்கு அது. இல்லை என்றேன். "நல்லது, அப்ப நான் பிந்தேல்லை," என்றாள். அதற்குமேல் அந்த இருபது ஆண்டுகளைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

ஆகஸ்ட் 14 — வியாழன்

இதில் அப்படி என்ன இருக்கிறது என்று மகள் தொலைபேசியில் கேட்டாள். அவளிடம் சரியாகச் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன்.

பரீட்சை வினாவைக் கேட்பவனுக்கு விடை ஏற்கெனவே தெரியும். தனக்குத் தெரிந்ததையே நானும் சொல்கிறேனா என்று சோதிக்கிறான். விடையைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பவர்களை இந்தப் பக்கத்தில் நாங்கள் தேவைக்கு மேல் பார்த்துவிட்டோம். தீராத கணக்கில் அது இல்லை. கேட்பவனும் நானும் மேசையின் ஒரே பக்கத்தில் இருக்கிறோம். எனக்கு இந்த வயதில் வேறென்ன மரியாதை வேண்டும்?

ஆகஸ்ட் 19 — செவ்வாய்

தபாலகத்தில் ஒரு தாய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரீச்சர், அந்தப் பதினைஞ்சு புள்ளிக் கேள்விக்கு ஒரு வழி சொல்லுங்கோ. பிள்ளை மூண்டு நாளா மல்லுக்கட்டுறாள்."

எந்தக் கேள்வி என்றேன். சஜீவன் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு அச்சடித்த எதிர்பார்ப்பு வினாத்தாளின் கொப்பியை நீட்டினாள். கண்ணாடியைப் போட்டு வாசித்தேன்.

"அடுத்தடுத்த இரு சதுர எண்களுக்கு இடையே குறைந்தது ஒரு முதன்மை எண்ணேனும் உண்டு எனக் கணிதத் தொகுத்தறிவு முறையால் நிறுவுக. (15 புள்ளிகள்)"

முத்திரை விற்கும் பிள்ளை எழுந்து பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன். அந்தத் தாய் பயந்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

சரீபாவுக்கு உடனே தொலைபேசி எடுத்தேன். "அல்லாஹ்! பதினைஞ்சு புள்ளியோ? இருநூறு வருஷத்துக்கு அது கொஞ்சம் குறைவெல்லோ!"

ஆகஸ்ட் 22 — வெள்ளி

தாள் வாட்ஸ்அப்பில் தர்மபுரம் போய், கிளிநொச்சி போய், செட்டிகுளம் வரை போய்விட்டதாம். மூன்று 'விடைகள்' உலாவுகின்றன. செல்வநாயகம் அவற்றைத் தொலைபேசியில் கொண்டுவந்து காட்டினார். மூன்றும் ஒரே இடத்தில் 'இவ்வாறே' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்து தப்பியிருக்கின்றன. ஆனால் ஒன்றில், தப்பி ஓடுவதற்கு முன்னால், ஒரு நல்ல வரி இருந்தது. யாரென்று தெரியாது. நல்ல வரி.

வன்னி முழுவதும் பிள்ளைகள் ஒரு தீராத கணக்கோடு இருக்கிறார்கள், அது தீராதது என்று தெரியாமலே. கள்ளத்தனமான சந்தோசம் எனக்கு.

ஆகஸ்ட் 24 — ஞாயிறு

சஜீவன் வந்தான். முப்பது வயதுக்கு மேலிராது. கதிரையின் நுனியில் இருந்தான்.

"ரீச்சர், விடையோட வாற புள்ளித்திட்டத்தை மட்டும் தாங்கோ. நான் அதிலயிருந்து பிடிச்சுக்கொள்ளுவன்."

"நீர் செய்து பாத்தனீரோ?"

"நேரம் கிடைக்கேல்லை ரீச்சர்."

"கேள்வி எங்க கிடைச்சது?"

நிலத்தைப் பார்த்தான். "ஜன்னலால. நீங்கள் பேப்பர் திருத்தின ஆள். பலகையில எழுதிக் கிழமைக் கணக்கா அழிக்காமல் வைச்சிருக்கிறியள் எண்டா, இந்த முறை வரப்போகுது எண்டு நினைச்சன்."

"ஒரு எண்ணிலயிருந்து அடுத்ததுக்குத் தாவுற தொகுத்தறிவு முறை எண்டு நாங்கள் எழுதேல்லையே?"

"எண்கள் அடுத்தடுத்து எண்டு இருந்தது ரீச்சர். வேற என்னத்தால செய்யிறது?"

இந்த இடத்தில் சிரிக்காமல் இருந்ததை என் வாழ்நாளின் சாதனைகளில் சேர்த்துக்கொள்கிறேன். பிறகு சொன்னேன்: விடை யாருக்கும் தெரியாது. "யாருக்கும் எண்டா? கம்பஸ் புரொபசர்மாருக்குமோ?" உலகத்திலேயே என்றேன். முகம் வெளுத்துவிட்டது. பிள்ளைகளின் தாய்தகப்பன் தன்னை விடமாட்டார்கள், தயவுசெய்து வெளியில் சொல்லவேண்டாம் என்றான்.

"நான் சொல்லமாட்டன். நீர் சொல்லும்."

அவன் போனபின் சரீபா தொலைபேசி எடுத்தாள், நடந்ததைச் சொன்னேன். "நாகேஸ், பொதுக்கூட்டம் வரைக்கும் வாயைத் திறக்காத. அங்க எழும்பி ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அறை எங்களுக்கு." எனக்கும் ஆசை இருந்தது. இல்லை என்று எழுதினால் பொய். ஆனால் பிழையான கணக்கொன்றைப் போட்டான் என்பதற்காக ஒருவனைச் சபையில் நிறுத்தி அடிப்பதென்றால் — நானும் விடையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிற ஆளாகிவிடுவேன். மாட்டேன்.

செப்ரெம்பர் 4 — வியாழன்

இன்று சஜீவனின் மனைவி சுகந்தினி, கோபத்தோடு.

"ரீச்சர், அவருக்கு என்னத்தைச் சொல்லிக் குடுத்தனீங்கள்? சோத்தை வைச்சா எண்ணிக்கொண்டு இருக்கிறார். பெற்றோல் அடிக்கப் போனவர் அடிக்காமல் திரும்பி வாறார். பிரிட்ஜில பென்சிலால எழுதியிருக்கிறார், துடைக்க விடுறார் இல்லை!"

"நான் ஒண்டும் சொல்லிக் குடுக்கேல்லை. அதுதான் அவருக்கு வருத்தம்."

அவளிடமிருந்துதான் மீதிக் கதையும் வந்தது. சஜீவன் ஞாயிறன்று வகுப்பில் உண்மையைச் சொல்லிவிட்டானாம். இரண்டு தகப்பன்மார் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். பின்வரிசை வாங்கிலிருந்து ஒருத்தி கேட்டாளாம்: "அப்ப நாங்கள் செய்தா, நாங்கள்தானோ முதல், சேர்?" அன்று அவன் அந்தப் பாடத்தை முடிக்கவேயில்லையாம். முடிக்கவும் எவரும் விடவில்லையாம்.

"விசர் மனுசன்," என்றாள் சுகந்தினி. போகும்போது வாசலில் நின்றாள். "ரீச்சர், நூறுக்கும் நூற்றி இருபத்தொண்டுக்கும் இடையில அஞ்சு இருக்கு. நான் பாத்தனான்."

செப்ரெம்பர் 6 — சனி

ஜன்னலுக்கு வெளியே ஒரு தலை. சரீபா திரும்பாமலே சொன்னாள்: "தம்பி, உள்ள வாரும். ஜன்னலால பாத்தா பிழையாத்தான் விளங்கும்."

வந்தான். நிறுவலும் கொண்டுவந்திருந்தான். நான்காவது வரியில் சரீபா அதைக் கொன்றாள். அவன் பலகையைப் பார்த்தபடி நின்றான்; காதுகள் சிவந்தன. பிறகு, "அட, எவ்வளவு வடிவான பிழை!" என்றான். செல்வநாயகம் எழுந்து அவனுக்குக் கை கொடுத்தார்.

அவன் எங்கள் அறைக்கு விண்ணப்பம் போட்டவன். அதை நான் மறக்கவில்லை.

செப்ரெம்பர் 20 — சனி

நிலைய வாசலில் நோட்டீஸ். 'சனி, ஞாயிறு: ரியூட்டரி.' கூட்டம் வைக்க முதலே ஒட்டிப்போட்டினம்! என்ன அநியாயம் இது? பிறகென்னத்துக்குக் கூட்டம், வடை தின்னவோ? பரமலிங்கத்தைக் கேட்டால் 'விண்ணப்பம் இருக்குது ரீச்சர், நான் என்ன செய்ய' எண்டு கையை விரிக்கிறார். சஜீவன் அங்கதான் நிண்டவன். வாய் திறக்கேல்லை. மூன்று சனியாக எங்களோடு இருந்தவன்! தகரக் கொட்டிலில் வெயிலுக்குள் படிப்பிக்கிறான். அறை அவனுக்கும் தேவைதான். தெரியும். இருந்தாலும் —

அவனிடம் கேட்க மாட்டேன். கேட்டு வாங்கினால் அது எனக்கு வேண்டாம்.

செப்ரெம்பர் 28 — ஞாயிறு

பொதுக்கூட்டம். எழுதிவிட்டுத்தான் சாப்பாடு.

பரமலிங்கம் விடயத்தை எடுத்தார். ஊருக்குப் பயன்படும் வகுப்பு ஒரு பக்கம். மற்றப் பக்கம், ரீச்சர் கோபிக்கக்கூடாது, முடிவில்லாத ஒரு கணக்கு. இதனால் யாருக்கு என்ன பயன்?

எழுந்தேன். "பரமலிங்கம், நீர் முப்பது வருஷமா இந்த முற்றத்தில வொலிபோல் ஆடுறீர். பந்தை வலைக்கு மேலால அனுப்புறீர். அவை திருப்பி அனுப்பினம். நீர் திருப்பியும் அனுப்புறீர். அது எப்ப முடியும்?"

சபை கொல்லென்று சிரித்தது. அவரும் சிரித்தார், ஆனால் நோட்டீஸை விடவில்லை. "விளையாட்டு வேற ரீச்சர். விண்ணப்பம் ஒண்டுதான் கிடக்குது. தலைவரா நான் அதைப் பாக்கவேணும்."

அப்போது சஜீவன் பின்னாலிருந்து எழுந்தான். எழும்போதே வியர்த்திருந்தான். "அதை மாத்தி எழுதிக்கொண்டு வந்தனான். ஞாயிறு மட்டும் தாங்கோ. சனிக்கிழமை எனக்கு வேண்டாம்."

"ஏன் சேர், பிறகு இடமில்லை எண்டு வரக்கூடாது," என்றார் பரமலிங்கம்.

"சனிக்கிழமை எனக்கு அந்த அறையில வேற அலுவல் இருக்கு."

சரீபா என் விலாவில் இடித்தாள். வலித்தது, பரவாயில்லை.

கூட்டம் முடிய அவனிடம், அன்று நோட்டீஸுக்கு முன்னால் ஏன் ஊமையாக நின்றீர் என்று கேட்டேன். "சுகந்தினியிட்டக் கேக்காமல் எப்பிடி ரீச்சர் சொல்லுறது? ஒரு கிழமை எடுத்தது." சரியான விடை. முழுப் புள்ளி.

ஒக்ரோபர் 18 — சனி

காலையிலிருந்து முதல் மழை. இருந்தும் சஜீவனின் வகுப்புப் பிள்ளைகள் சிலரும் வந்ததில் கதிரைகள் போதவில்லை. சஜீவன் வாசிகசாலையின் நீள வாங்கைத் தூக்கிவந்தான். சரீபாவும் அவனும் ஒரே வரியில் நின்று சண்டை. சராசரியை நம்பாத செல்வநாயகமே இம்முறை இருவருக்கும் எதிராகச் சராசரி பேசினார். வினா இருந்த இடத்திலேயே இருக்கிறது. நாங்கள் ஓரங்குலமும் முன்னேறவில்லை.

மத்தியானம் பரமலிங்கம் குடையோடும் திறப்புக் கோர்வையோடும் அறையைப் பூட்ட வந்தார். நாங்கள் கவனிக்காததுபோல் பேசிக்கொண்டிருந்தோம். அவர் பலகைக்கு முன்னால் நின்றார்.

"உந்த நூற்றி இருபத்தொண்டுக்கும் நூற்றி நாப்பத்திநாலுக்கும் இடையில எத்தினை?"

விடை எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததைச் சொல்லக்கூடாது என்று எங்கள் விதியில் இல்லை. என்றாலும் ஒருவரும் சொல்லவில்லை.

திறப்புகளை மேசையில் வைத்துவிட்டு வாங்கில் அமர்ந்து விரல் மடிக்கத் தொடங்கினார். அவருக்கு இது பிடித்துவிட்டது என்று நான் எழுதமாட்டேன்; மழை விடட்டும் என்று இருந்திருக்கலாம்.

மழை இரண்டு மணிக்கே விட்டுவிட்டது. அறையைப் பூட்டும்போது நாலு மணி.